டி அண்ட் டி ஆட வரும் புதியவருக்கு கேரக்டர் விதிகளைப் புரியவைப்பது எப்படி? டிஎம்களுக்கான முழுமையான வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை ஆட்டத்தை ஆட வரும் புது ஆளின் கையில் கேரக்டர் ஷீட்டைக் கொடுத்துப் பாருங்கள். ஆறு எபிலிட்டி, பக்கத்திலேயே ஆறு மாடிஃபையர், ஆறு சேவிங் த்ரோ, பதினெட்டு ஸ்கில், அதோடு ஏசி, இனிஷியேட்டிவ், ஹிட் பாயின்ட், ஸ்பீட் என்று ஒரே தாளில் நாற்பதுக்கு மேற்பட்ட கட்டங்கள் கண்ணில் படும். வந்தவர் மிரள்வதைப் பார்த்ததும் பெரும்பாலான டிஎம்கள், அதாவது ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்கள், மேல் மூலையில் தொடங்கி கட்டம் கட்டமாக விளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஐந்தாவது கட்டம் வருவதற்குள் கேட்பவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். ஆட்டம் தொடங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இப்போ எந்தப் பகடையை உருட்டணும்?"

இதில் அவர் மேல் தப்பில்லை. எதற்குப் பயன்படும் என்று தெரியாத எண்ணை யாராலும் மனதில் வைத்திருக்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே நிலைப்பாடுதான்: ஒரு விதியைச் சொல்லும் நேரம், அந்த விதியைக் கொண்டு ஆடுபவர் ஏதாவது ஒரு முடிவெடுக்க வேண்டிய நேரம். அதற்கு முன்பு சொன்னால் நிற்காது. எதை எப்போது சொல்வது, எதை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருப்பது என்பதுதான் மீதி.

ஒரு முன்குறிப்பு. ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அதன் திருத்திய வடிவம் 2024-இல் வந்தது. இரண்டையும் கலந்து ஆடும் மேசைகள் உண்டு, ஆனால் புதியவர் இருக்கும் மேசையில் கலக்காதீர்கள். அவர் வீட்டில் போய்ப் பார்க்கும் வீடியோ ஒரு பதிப்பு, நீங்கள் சொல்வது இன்னொரு பதிப்பு என்றானால் குழப்பம் இரட்டிப்பாகும். நான் இங்கே 2024 விதிகளை வைத்துப் பேசுகிறேன். 2014 முக்கியமாக வேறுபடும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: ஒரே ஒரு விதி

மேசைக்கு வரும் முன் புதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: இருபது முகப் பகடையை, அதாவது டி20-ஐ, உருட்டு, ஒரு எண்ணைக் கூட்டு, இலக்கைத் தொட்டாலோ தாண்டினாலோ வெற்றி. சமமாக வந்தாலும் வெற்றிதான் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், இதை எல்லோரும் ஒருமுறையாவது கேட்பார்கள்.

எதிரியை அடிப்பது, பூட்டைத் திறப்பது, மேலே விழும் பாறையிலிருந்து தப்பிப்பது எல்லாம் இதே உருட்டல்தான். அடிக்கும்போது இலக்கு எதிரியின் ஏசி, அதாவது ஆர்மர் கிளாஸ், அவனை அடிப்பது எவ்வளவு கடினம் என்ற எண். மற்ற நேரத்தில் டிஎம் சொல்லும் எண்: சுலபமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. ஷீட்டில் இருக்கும் அத்தனை கட்டங்களில் பெரும்பாலானவை "எந்த எண்ணைக் கூட்டுவது" என்ற ஒரே கேள்விக்கான பதில்கள். இதைச் சொன்னதும் பலருக்குப் பாதி பயம் போய்விடும்.

மற்ற பகடைகள் எதற்கு? அடி பட்டபின் எவ்வளவு காயம் என்று பார்க்க. 2டி6 என்றால் ஆறு முகப் பகடை இரண்டு. அவ்வளவு போதும். ஆனால் பகடைகளை மேசையில் பரப்பி ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டி12-ஐ டி20 என்று நினைத்து எடுப்பது மிகச் சாதாரணம். பத்து முகப் பகடையில் ஒன்றில் 0 முதல் 9 வரையும் இன்னொன்றில் 00, 10, 20 என்றும் இருக்கும். முதல் ஆட்டத்தில் இந்த இரண்டாவதை ஒளித்துவைத்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: புத்தகத்துக்கு முன் ஆள்

2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 384 பக்கம். அதைப் புதியவரிடம் கொடுத்து "ஒரு கேரக்டர் செய்துகொண்டு வா" என்பது சரியான வழியில்லை. முதலில் விதி எதுவும் பேசாமல் கேளுங்கள்: "உன் ஆள் ஒரு பூட்டிய கதவைப் பார்த்தா என்ன பண்ணுவான்?" உடைப்பேன் என்றால் ஃபைட்டர் அல்லது பார்பேரியன். சத்தமில்லாமல் திறப்பேன் என்றால் ரோக். காவலாளியிடம் பேசிச் சாவியை வாங்குவேன் என்றால் பார்ட். மந்திரம் போடுவேன் என்றால் விஸார்ட் அல்லது சார்சரர். பன்னிரண்டு கிளாஸ்களையும், அதாவது ஆள் வகைகளையும், பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் விவரிப்பதைவிட இந்த ஒரு கேள்வி வேகமாக வேலை செய்யும்.

புதியவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக்கூடியது ஃபைட்டர். பார்பேரியனும் அப்படித்தான். ரோக் கொஞ்சம் கவனமாக: ஸ்னீக் அட்டாக் என்ற பெயரைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒளிந்துகொண்டே இருப்பார்கள். எதிரிக்கு 5 அடிக்குள் கூட்டாளி ஒருவர் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாலே போதும், ஒளிய வேண்டியதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வார்லாக்கின் ஸ்பெல் ஸ்லாட் மற்றவர்களுடையதைப் போல் நடந்துகொள்ளாது, சின்ன ஓய்விலேயே திரும்பிவிடும்; ட்ரூயிட் இரண்டாம் லெவலில் மிருகமாக மாறத் தொடங்கியதும் இன்னொரு ஷீட்டையும் பார்க்க வேண்டிவரும். இந்த இரண்டையும் முதல் முறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே சமயம், ஒருவர் ட்ரூயிட் ஆகத்தான் ஆசைப்பட்டு வந்திருக்கிறார் என்றால் தடுக்காதீர்கள். பிடித்த கிளாஸின் கஷ்டமான விதியைக் கற்றுக்கொள்வதைவிடப் பிடிக்காத கிளாஸின் சுலபமான விதியைக் கற்றுக்கொள்வதுதான் கஷ்டம்.

ஆயத்தக் கேரக்டர் கொடுப்பதா, சேர்ந்து உருவாக்குவதா? நேரம் இருந்தால் சேர்ந்து உருவாக்குங்கள். ஒரே மாலைதான் இருக்கிறது என்றால் ஆயத்தக் கேரக்டர். பெயரையும் தோற்றத்தையும் மட்டும் அவரிடம் விடுங்கள்.

மூன்றாம் படி: ஆறு எண்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா. உடல் பலம், சுறுசுறுப்பு, தாக்குப்பிடிக்கும் சக்தி, படிப்பறிவு, சூழலைக் கவனித்து உணரும் புத்தி, ஆளைக் கவரும் தன்மை. கடைசி மூன்றையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். விஷச்செடியின் பெயர் தெரிவது இன்டெலிஜென்ஸ். எதிரே இருப்பவன் பொய் சொல்கிறான் என்று தோன்றுவது விஸ்டம். அவனை நம்பவைத்துத் திரும்பப் பொய் சொல்வது கரிஸ்மா.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் இருப்பதுதான் சிக்கல். ஸ்ட்ரெங்த் 16 என்று பெரிதாகவும், +3 என்று சின்னதாகவும் எழுதியிருக்கும். புதியவர் பெரிய எண்ணைத்தான் கூட்டுவார், அது இயல்பு. ஆட்டத்தில் கிட்டத்தட்ட எப்போதும் பயன்படுவது சின்ன எண், மாடிஃபையர். பெரிய எண்ணிலிருந்து 10-ஐக் கழித்து, பாதியாக்கி, கீழ்நோக்கி முழுமையாக்கினால் அது கிடைக்கும். 10, 11 என்றால் 0. 12, 13 என்றால் +1. 8, 9 என்றால் -1. பெரிய எண் நேரடியாகத் தேவைப்படுவது எவ்வளவு தூரம் தாண்டலாம், எவ்வளவு சுமக்கலாம், கனமான கவசத்தைத் தாங்க முடியுமா போன்ற சில இடங்களில்தான். நான் பெரிய எண்ணைப் பென்சிலால் மெலிதாகவும் மாடிஃபையரைப் பேனாவால் தடிமனாகவும் எழுதச் சொல்வேன். அச்சடித்த ஷீட்கள் சில இதற்கு நேர்மாறாக இருக்கும்.

எண்களை எப்படிப் பெறுவது என்பதற்கு மூன்று வழிகள் உண்டு: 15, 14, 13, 12, 10, 8 என்ற தயார் வரிசையைப் பிரித்துப் போடுவது, 27 புள்ளிகளைச் செலவழித்து வாங்குவது, நான்கு டி6 உருட்டிக் குறைந்ததை விட்டுவிட்டு மூன்றைக் கூட்டுவது. உருட்டுவது ஜாலிதான். ஆனால் ஒருவருக்கு 18-உம் பக்கத்தில் இருப்பவருக்கு 9-உம் விழுந்தால், அந்தப் பக்கத்து ஆள் புதியவராக இருந்தால், மாதக்கணக்கில் அவர் அதைச் சுமக்க வேண்டும். புதியவர்கள் இருக்கும் மேசையில் தயார் வரிசையே போதும்.

ஓர் உதாரணம். தோரா என்று ஒரு ட்வார்ஃப் ஃபைட்டர், முன்னாள் படைவீரர். ஸ்ட்ரெங்த்துக்கு 15, கான்ஸ்டிட்யூஷனுக்கு 14, டெக்ஸ்டெரிட்டிக்கு 13, விஸ்டம் 12, கரிஸ்மா 10, இன்டெலிஜென்ஸ் 8. சோல்ஜர் பேக்கிரவுண்ட் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன் மூன்றுக்கும் ஒவ்வொரு புள்ளி கூட்டித் தரும். 16, 14, 15 ஆகிறது. மாடிஃபையர் +3, +2, +2. 2014 பதிப்பில் இந்தக் கூடுதல் புள்ளிகள் இனத்திலிருந்து வந்தன; 2024-இல் பேக்கிரவுண்டிலிருந்து வருகின்றன. பழைய வீடியோ பார்த்துவிட்டு வருபவர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது.

அடுத்து அவர் கேட்கப்போவது: "இன்டெலிஜென்ஸ் 8-னா நான் முட்டாளா நடிக்கணுமா?" வேண்டாம். -1 என்பது இருபது முகத்தில் ஒரு முகம், ஐந்து சதவீதம். தோராவுக்குப் பழைய சுவடிகளைப் படிக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அதேபோல் கரிஸ்மா 16 உள்ள கேரக்டரைக் கூச்சமுள்ள ஒருவர் ஆடினால், அவர் வசனம் பேசி நடித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "நான் காவலாளியின் குடும்பத்தைப் பற்றி விசாரித்து நட்பாகிறேன்" என்று அவர் சொன்னாலே போதும், பகடை மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஸ்ட்ரெங்த் உருட்ட யாரையும் தண்டால் எடுக்கச் சொல்வதில்லையே.

நான்காம் படி: எண்ணைப் பின்னோக்கிப் பிரியுங்கள்

ஷீட் நிரம்பியபின், அதில் நான்கைந்து எண்களை மட்டும் எடுத்து, எங்கிருந்து வந்தன என்று அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முன்னோக்கி விளக்குவதைவிட இது பத்து மடங்கு மனதில் நிற்கும்.

தோராவின் வாள் +5. ஏன் ஐந்து? ஸ்ட்ரெங்த்திலிருந்து 3, ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் 2. பயிற்சி உள்ள எல்லா வேலைக்கும் இந்த 2 சேரும். பயிற்சி இல்லாததற்குச் சேராது. முதல் நான்கு லெவலுக்கு அது 2-தான், ஐந்தாம் லெவலில் 3 ஆகும். அத்லெட்டிக்ஸ் ஏன் +5? அதே 3, அதே 2. இன்டிமிடேஷன் ஏன் +2 மட்டும்? கரிஸ்மா மாடிஃபையர் 0, அதோடு பயிற்சி 2. பெர்செப்ஷன் +3? விஸ்டம் 1, பயிற்சி 2. ஹிஸ்டரி ஏன் -1? பயிற்சி இல்லை, இன்டெலிஜென்ஸ் 8. இந்த இடத்தில் பலர் தாங்களாகவே மற்ற ஸ்கில்களைச் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். விடுங்கள், பார்க்கட்டும்.

ஹிட் பாயின்ட் 13: ஃபைட்டரின் டி10-இன் உச்சம் 10, கான்ஸ்டிட்யூஷன் 2, ட்வார்ஃப் என்பதால் 1.

ஏசி 16: செயின் மெயில் போட்டிருக்கிறார், அது தனியாகவே 16 தரும், டெக்ஸ்டெரிட்டி சேராது. டிஃபென்ஸ் ஃபைட்டிங் ஸ்டைல் எடுத்திருந்தால் 17. லெதர் போட்ட ரோக்குக்கு 11 கூட்டல் டெக்ஸ்டெரிட்டி. கவசத்துக்குக் கவசம் கணக்கு மாறும் என்பது மட்டும் இப்போது தெரிந்தால் போதும். உங்கள் வட்டத்தில் தொண்ணூறுகளில் ஆடிய சித்தப்பா யாராவது இருந்து "ஏசி குறையக் குறைய நல்லது" என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. 2000-இல் மூன்றாம் பதிப்பு வரும்வரை அப்படித்தான் இருந்தது.

இதெல்லாம் முடிந்ததும் ஒரு சின்ன அட்டையில், அவர் கையெழுத்தில், அவருக்குப் புரியும் தமிழில் இப்படி எழுதவையுங்கள்:

வாள்: டி20 + 5. பட்டால் 2டி6 + 3. படாவிட்டாலும் 3 காயம்.
என் ஏசி 16. உயிர் 13.
கூடுதல் மூச்சு: போனஸ் ஆக்‌ஷன், 1டி10 + 1 உயிர் திரும்பும். இரண்டு முறை.
நடை: 30 அடி.
நன்றாகத் தெரிந்தது: ஏறுவது தள்ளுவது +5, கவனிப்பது +3, மிரட்டுவது +2.

படாவிட்டாலும் 3 என்பது தோராவின் வாளான கிரேட்ஸ்வோர்டுக்கு உரிய கிரேஸ் மாஸ்டரி என்ற திறன். 2014-இல் இது கிடையாது, கூடுதல் மூச்சும் (செகண்ட் விண்ட்) அதில் ஒரு முறைதான். முதல் ஆட்டம் முழுவதையும் இந்த ஐந்து வரிகளோடு ஆடிவிடலாம். ஷீட் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் கண் அட்டையில் இருக்கட்டும். அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.2 தொகுப்பு 2025 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தமிழில் அட்டைகள் செய்து நண்பர்களுக்குப் பகிர்ந்தாலும் தடையில்லை.

ஐந்தாம் படி: கதைக்கு முன் ஒரு ஒத்திகைச் சண்டை

கதையின் முதல் சண்டையிலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். பதினைந்து நிமிடம், ஒரு கோப்லின், தோற்றாலும் எதுவும் இழப்பில்லை என்று சொல்லி ஒரு பயிற்சிச் சண்டை நடத்துங்கள்.

கோப்லினின் ஏசி 15. வழக்கமாக இதை மறைத்துவைப்போம். இங்கே வெளிப்படையாகச் சொல்லுங்கள். தோராவுக்கு +5, ஆக பகடையில் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். இருபதில் பதினொரு முகம், 55 சதவீதம். இப்போது கோப்லின் கீழே விழுந்து கிடக்கிறது, பக்கத்தில் நிற்கும் தோராவுக்கு அட்வான்டேஜ் என்று சொல்லி இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுக்கவையுங்கள். வாய்ப்பு கிட்டத்தட்ட 80 சதவீதமாகிறது. அடுத்து தோராவின் கண்ணில் மண்ணை வாரிப் போட்டுப் பார்வையை மறையுங்கள். டிஸ்அட்வான்டேஜ், இரண்டில் சிறியது, வாய்ப்பு 30 சதவீதத்துக்கு இறங்கும். எதிரியைக் கீழே தள்ளுவது, இருட்டில் சண்டை போடாமலிருப்பது எல்லாம் ஏன் முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. எத்தனை காரணம் சேர்ந்தாலும் பகடை இரண்டுதான், மூன்றாகாது. அட்வான்டேஜும் டிஸ்அட்வான்டேஜும் ஒன்றாக வந்தால் இரண்டும் ரத்து.

அவரது முறை வரும்போது "உன் ஆக்‌ஷன் என்ன, போனஸ் ஆக்‌ஷன் என்ன?" என்று கேட்காதீர்கள். "என்ன பண்ற?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை நீங்கள் விதியாக மாற்றிச் சொல்லுங்கள்: "சரி, ஓடிப் போறது உன் நடையில பாதி, அடிக்கிறது ஆக்‌ஷன், இன்னும் 15 அடி நடக்கலாம்." மூன்று நான்கு சுற்று கழிந்தால் அவரே அந்தச் சொற்களைப் பயன்படுத்துவார்.

இரண்டு தவறான நம்பிக்கைகளை இங்கேயே களையுங்கள். போனஸ் ஆக்‌ஷன் எல்லோருக்கும் எப்போதும் இருப்பதல்ல. "இதைப் போனஸ் ஆக்‌ஷனாகச் செய்யலாம்" என்று எழுதிய ஏதாவது கைவசம் இருந்தால்தான் உண்டு. நடையை முழுதாக ஒரே மூச்சில் செலவழிக்க வேண்டியதுமில்லை, அடிக்கு முன் பாதி, பின் பாதி என்று பிரிக்கலாம். ஆனால் எதிரியின் கை எட்டும் தூரத்திலிருந்து சும்மா விலகினால், தன் முறை வராதபோதே அவன் ரியாக்‌ஷனில் ஓர் அடி அடிப்பான். இதை கோப்லின் ஒருமுறை செய்து காட்டட்டும்.

பகடையில் 20 விழுந்தால் அடி நிச்சயம், காயப் பகடைகள் இரட்டிப்பு. 1 விழுந்தால் தவறிவிடும். வாள் உடைந்தது, சொந்தக் காலில் குத்திக்கொண்டான் என்றெல்லாம் கூட்டாதீர்கள். விதியில் அது இல்லை, புதியவரை அவமானப்படுத்தத்தான் உதவும்.

ஆறாம் படி: மந்திரக்காரர்களுக்கு மட்டும்

ஃபைட்டருக்கு இதுவரை சொன்னது போதும். விஸார்ட் எடுத்தவரோடு தனியாக அரைமணி நேரம் உட்காருங்கள், அதுவும் மற்றவர்கள் வருவதற்கு முன்னால்.

முதல் லெவல் விஸார்ட் ஷீட்டில் மூன்று கான்ட்ரிப், புத்தகத்தில் ஆறு மந்திரம், அதில் நான்கு தயார் நிலையில், இரண்டு ஸ்லாட் என்று இருக்கும். நான்கு மந்திரம் தயார் என்றால் நான்கையும் ஒவ்வொரு முறை போடலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உணவகக் கணக்கில் சொல்லிப் பாருங்கள்: தயார் மந்திரங்கள் இன்றைய மெனு, ஸ்லாட் கையில் இருக்கும் டோக்கன். மெனுவில் நான்கு இருக்கிறது, டோக்கன் இரண்டுதான். ஒரே பண்டத்தை இரண்டு முறை வாங்கினாலும் சரி, இரண்டு வேறு வேறாக வாங்கினாலும் சரி. கான்ட்ரிப்புக்கு டோக்கனே வேண்டாம், எத்தனை முறையும் போடலாம்.

அடுத்த குழப்பம் லெவல். மூன்றாம் லெவல் மந்திரத்தை மூன்றாம் லெவலில் போடலாம் என்று நினைப்பார்கள். விஸார்டுக்கு அது ஐந்தாம் லெவலில்தான் கிடைக்கும். கேரக்டரின் லெவலும் மந்திரத்தின் லெவலும் வெவ்வேறு ஏணிகள். இதற்கு நியாயமான விளக்கம் என்னிடம் இல்லை. மனப்பாடம்தான்.

மூன்றாவது, யார் உருட்டுவது என்ற கேள்வி. இதற்கு மூன்று மந்திரங்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபயர் போல்ட்: வாள் வீசுவதுபோல மந்திரக்காரரே டி20 + 5 உருட்டுகிறார், பட்டால் 1டி10. பர்னிங் ஹேண்ட்ஸ்: 15 அடி கூம்பு வடிவில் நெருப்பு, அதில் சிக்கியவர்கள்தான் டெக்ஸ்டெரிட்டி சேவ் (தப்பிக்கும் உருட்டல்) உருட்டுகிறார்கள், தோற்றால் 3டி6, ஜெயித்தால் பாதி. அவர்கள் எட்ட வேண்டிய இலக்கு 8 கூட்டல் ப்ரொஃபிஷியன்ஸி 2 கூட்டல் இன்டெலிஜென்ஸ் 3, மொத்தம் 13. மேஜிக் மிஸைல்: யாரும் உருட்ட வேண்டாம், மூன்று அம்பும் பட்டுவிடும், ஒவ்வொன்றுக்கும் 1டி4 + 1. பெரும்பாலான மந்திரங்கள் இந்த மூன்று வகைகளில் ஒன்றில் அடங்கும். இது பிடிபட்டால் புது மந்திரத்தின் விளக்கத்தை அவரே படித்துப் புரிந்துகொள்வார்.

கான்சன்ட்ரேஷன் என்று குறித்த மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டாவதைப் போட்டால் முதலாவது அணைந்துவிடும். அடி வாங்கினால் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்டித் தக்கவைக்க வேண்டும், இலக்கு 10 அல்லது வாங்கிய காயத்தில் பாதி, எது பெரிதோ அது. ஷீட்டில் அப்படிப்பட்ட மந்திரங்களுக்கு எதிரே பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவையுங்கள்.

ஏழாம் படி: சண்டை இல்லாத நேரம்

இங்கே விதி குறைவு, பழக்கம் முக்கியம். புதியவர் "நான் பெர்செப்ஷன் உருட்டட்டுமா?" என்று கேட்டால், "என்ன தேடுற, எப்படித் தேடுற?" என்று திரும்பக் கேளுங்கள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்கிறேன் என்றால், கத்தி கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது என்றால், உருட்டவே தேவையில்லை, கிடைத்துவிட்டது. தோற்றால் ஏதாவது நடக்கும் என்ற நிலையில் மட்டும் உருட்டவையுங்கள். அப்போதுதான் ஷீட்டின் ஸ்கில் பட்டியல் பொத்தான் வரிசையாகத் தெரியாது.

பால்டர்ஸ் கேட் 3 ஆடிவிட்டு மேசைக்கு வருபவர்கள் இப்போது நிறைய. அவர்களுக்குப் பாதி விதி ஏற்கெனவே தெரியும், ஆனால் அது வீடியோ கேமுக்காக மாற்றிய 2014 விதி. அதில் ஸ்கில் உருட்டலில் 20 விழுந்தால் தானாக வெற்றி. மேசையில் அது தாக்குதலுக்கு மட்டும்தான். அதில் குதிப்பதும் தள்ளுவதும் போனஸ் ஆக்‌ஷன்; மேசையில் குதிப்பது நடையின் பகுதி, தள்ளுவது தாக்குதலின் பகுதி. ரியாக்‌ஷன் நேரம் வந்தால் கம்ப்யூட்டர் கேட்கும். மேசையில் ஆடுபவர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த வேறுபாடுகளை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், நடுவில் "கேம்ல அப்படி இல்லையே" என்ற வாதம் வராது.

எட்டாம் படி: உயிர் பூஜ்யம் ஆனால்

இதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவையுங்கள்: பூஜ்யம் என்றால் மயக்கம், சாவு அல்ல. முழு விதியை யாராவது விழும்போது சொல்லலாம். விழுந்தவர் தன் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் டி20 உருட்டுவார், எதையும் கூட்டாமல். 10-உம் மேலும் வெற்றி, கீழே தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் நிலைத்துவிடுவார். மூன்று தோல்வி சேர்ந்தால் முடிந்தது. 20 விழுந்தால் ஒரு உயிரோடு எழுந்துவிடுவார். 1 விழுந்தால் இரண்டு தோல்வி. யாராவது ஒரு புள்ளி குணப்படுத்தினாலும் எழுந்துவிடுவார்.

முதல் லெவலில் ஒரு ஆபத்து அதிகம். பூஜ்யத்துக்குக் கீழே மிஞ்சும் காயம் முழு உயிர் அளவை எட்டினால் நேரடிச் சாவு. 8 உயிர் உள்ள விஸார்டுக்கு ஒரு பெரிய அடி அதைச் செய்துவிடும். முதல் சில அமர்வுகளில் அவ்வளவு பலமாக அடிக்கும் எதிரியைக் கொண்டுவராதீர்கள். பகடையைத் திருட்டுத்தனமாக மாற்றுவதைவிட எதிரியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது நேர்மை.

பழைய ஆட்டக்காரர்களை என்ன செய்வது?

புதியவர் குழம்புவதற்கு டிஎம்மைவிட மேசையில் இருக்கும் அனுபவசாலிகள் பெரிய காரணம். "அதைப் பண்ணாதே, இதைப் பண்ணு, உனக்கு போனஸ் ஆக்‌ஷன் இருக்கு" என்று மூன்று பக்கமிருந்தும் வரும். எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆட்டத்துக்கு முன் அவர்களிடம் தனியாகப் பேசுங்கள்: கேட்டால் மட்டும் பதில், அதுவும் ஒரே ஒருவர். அந்த ஒருவரைப் புதியவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவையுங்கள். சண்டையில் யாருக்குப் பின் யார் என்ற இனிஷியேட்டிவ் வரிசையில் புதியவர் முதலில் வந்துவிட்டால், "இவருக்கு ஒரு நிமிஷம் யோசிக்க நேரம், அடுத்தவர் போகட்டும்" என்று இடம் மாற்றுவதிலும் தப்பில்லை. ஒருவர் ஆடுவதைப் பார்த்துவிட்டு ஆடுவது எவ்வளவோ சுலபம்.

லெவல் ஏறும்போது

லெவல் 1-இல்தான் தொடங்குங்கள். அனுபவசாலிகள் மூன்றில் தொடங்கலாம் என்பார்கள். புதியவர் அதிகம் இருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டாம் லெவலுக்கு 300 அனுபவப் புள்ளி, மூன்றாம் லெவலுக்கு 900 என்று ஆரம்ப லெவல்கள் வேகமாகக் கடக்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் அடுத்த லெவலை மட்டும் காட்டுங்கள். தோரா இரண்டாம் லெவலுக்குப் போனால் அட்டையில் ஒரு வரி கூடுகிறது: ஆக்‌ஷன் சர்ஜ், ஓய்வெடுக்கும் முன் ஒருமுறை கூடுதல் ஆக்‌ஷன். உயிர் 13-லிருந்து 22 ஆகிறது. ஃபைட்டருக்கு நிலையான 6, கான்ஸ்டிட்யூஷன் 2, ட்வார்ஃபுக்கு 1. அவ்வளவே. ஐந்தாம் லெவலில் இரண்டு முறை அடிக்கலாம் என்பதை ஆசைகாட்டச் சொல்லலாம், விளக்க வேண்டாம்.

2024 விதியில் எல்லா கிளாஸுக்கும் மூன்றாம் லெவலில்தான் சப்கிளாஸ், அதாவது கிளாஸுக்குள் ஒரு தனிப் பிரிவு. 2014-இல் கிளெரிக், சார்சரர், வார்லாக் ஆகியோர் முதல் லெவலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆட்டமே தெரியாதவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது அநியாயம் என்று எனக்கு எப்போதும் தோன்றியிருக்கிறது. இப்போது அந்தத் தலைவலி போய்விட்டது. மூன்றாம் லெவல் வரும்போது இரண்டு சப்கிளாஸ்களை மட்டும் சுருக்கிச் சொல்லி, எது பிடிக்கிறது என்று கேளுங்கள்.

ஆட்டத்தின் நடுவில் உங்களுக்கே விதி தெரியாமல் போகும். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு மேசையைக் காக்கவைக்காதீர்கள். "இன்னிக்கு இப்படி வெச்சுக்கலாம், அடுத்த வாரம் பார்த்துச் சொல்றேன்" என்று ஒரு முடிவு சொல்லி, குறித்துவைத்து, மறக்காமல் பார்த்து வந்து சொல்லுங்கள். புதியவருக்குச் சாதகமாக முடிவெடுத்துவிட்டு அடுத்த வாரம் திருத்துவது, எதிராக எடுத்துவிட்டுத் திருத்துவதைவிட நல்லது.

கடைசியாக, மூன்றாம் லெவல் வரை கேரக்டரை மாற்றிக்கொள்ள எல்லோருக்கும் அனுமதி உண்டு என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். ஃபைட்டராக வந்த தோராவுக்கு மந்திரம் போட ஆசை வந்தால் கிளெரிக்காக மாறட்டும். பெயர், தோற்றம், இதுவரை நடந்த கதை எல்லாம் அப்படியே இருக்கட்டும். விஸ்டம் எண்ணையும் ஸ்ட்ரெங்த் எண்ணையும் இடம் மாற்ற விடுங்கள், அட்டையைப் புதிதாக எழுதவையுங்கள். ஹிட் பாயின்டை மட்டும் மறக்காமல் திரும்பக் கணக்குப் போடுங்கள். கிளெரிக்கின் பகடை டி8.